கூட்டத்துக்குப் போட்ட கணக்கும் வராத கூட்டமும்: டிஸ்னிலாந்து, 2019

கலிஃபோர்னியாவின் அனஹைம் நகரில் உள்ள டிஸ்னிலாந்து, 2019 மே 31 அன்று ‘ஸ்டார் வார்ஸ்: கேலக்ஸீஸ் எட்ஜ்’ என்ற புதிய பகுதியைத் திறந்தது. பரப்பு 14 ஏக்கர். ஒரே கருப்பொருளுக்காக அந்தப் பூங்கா செய்த விரிவாக்கங்களில் அதுவரை இதுவே பெரியது. செலவு நூறு கோடி டாலர் அளவில் இருக்கும் என்று பத்திரிகைகள் மதிப்பிட்டன. திறப்புக்கு முன் எல்லார் வாயிலும் ஒரே பேச்சு: கூட்டம் தாங்காது. நிர்வாகமும் அதையே நம்பியது. அதற்கேற்ற முன்னேற்பாடுகளையும் செய்தது. கோடை பாதி கடப்பதற்குள் பேச்சு தலைகீழானது. பழைய சவாரிகளின் வரிசைகள் வழக்கமான கோடையைவிடக் குறைவாகவே நீண்டன.

இதைத் தோல்வி என்று எழுதியவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. அந்த ஆண்டு எடுத்த நடவடிக்கைகளைத் தனித்தனியே எடுத்துப் பார்த்தால் ஒவ்வொன்றும் நியாயமானதே. ஆனால் விலை, பாஸ் கட்டுப்பாடு, முன்பதிவு, எச்சரிக்கை ஆகிய நான்கும் ஒரே கோடையில், ஒரே திசையில் இழுத்தன. நான்கையும் கூட்டினால் என்ன வரும் என்ற கணக்குதான் பிசகியது.

இடமும் வாடிக்கையாளரும்

டிஸ்னிலாந்து 1955 ஜூலை 17 அன்று திறக்கப்பட்டது. அழைக்கப்பட்டவர்களுக்கு மட்டுமான அந்த முதல் நாளில் போலி அழைப்புச் சீட்டுகளோடும் ஆட்கள் நுழைந்தார்கள். எதிர்பார்த்ததைப் போல ஏறக்குறைய இரு மடங்காக, சுமார் 28,000 பேர் உள்ளே இருந்ததாகச் சொல்லப்படுகிறது. பாதைகளின் அடிப்படை அமைப்பு அந்தக் காலத்தது. அதற்குப் பிறகு நகரம் பூங்காவைச் சுற்றி நெருக்கிக்கொண்டு வளர்ந்தது. புளோரிடாவில் அதே நிறுவனத்துக்குக் கண்ணுக்கெட்டிய தூரம் நிலம் இருக்கிறது. அனஹைமில் அப்படி இல்லை. புதிதாக ஒன்றைக் கட்ட வேண்டுமானால் இருக்கும் ஒன்றை எடுத்தாக வேண்டும்.

எடுத்தார்கள். பண்ணை வடிவில் இருந்த ஒரு பகுதி மூடப்பட்டது. பூங்காவின் நடுவில் ஓடும் செயற்கை ஆறு குறுக்கப்பட்டது. பூங்காவைச் சுற்றிவரும் ரயிலின் தடம் மாற்றப்பட்டது. அதற்காக ரயில் 2016 ஜனவரியில் நின்று 2017 ஜூலையில்தான் மீண்டும் ஓடியது. விரிவாக்கத்தின் கொள்ளளவைப் பேசும்போது பலரும் மறந்துவிடும் காலம் இந்தக் கட்டுமானக் காலம். புதிய இடம் வருவதற்கு முன்பே பழைய இடம் சுருங்கிவிடுகிறது. டிக்கெட் விற்பனை சுருங்குவதில்லை.

வாடிக்கையாளரும் வேறு வகை. புளோரிடாவுக்கு வருபவர்களில் பெரும்பாலோர் விமானச் சீட்டு, விடுதி எல்லாம் பல மாதம் முன்பே எடுத்து வரும் சுற்றுலாப் பயணிகள். அனஹைமுக்கு வருபவர்களில் கணிசமானோர் தெற்குக் கலிஃபோர்னியாவிலேயே வசிக்கும் ஆண்டுப் பாஸ்காரர்கள். மாலையில் வந்து மூன்று மணி நேரம் உலாவிவிட்டுத் திரும்புவார்கள். அவர்களுக்கு ஒரு வசதி உண்டு: கூட்டம் என்று கேள்விப்பட்டால், ‘அக்டோபரில் பார்த்துக்கொள்ளலாம்’ என்று தள்ளிப்போடலாம். இந்த ஒரு வசதிதான் 2019 கோடையை விளக்குவதில் பாதி.

ஏக்கரை வைத்துக் கொள்ளளவைச் சொல்ல முடியாது

14 ஏக்கர் கூடியது என்றால் அத்தனை பேர் கூடுதலாக வரலாம் என்று தோன்றும். பூங்காவின் கணக்கு அப்படி ஓடுவதில்லை. ஒரு மணி நேரத்தில் சவாரிகள் எத்தனை பேரை ஏற்றி இறக்குகின்றன, கடைகளும் உணவகங்களும் காட்சிகளும் எத்தனை பேரைப் பிடித்து வைத்திருக்கின்றன, மிச்சமுள்ளவர்கள் நடக்கவும் நிற்கவும் எவ்வளவு தரை இருக்கிறது என்ற மூன்றும் சேர்ந்ததுதான் கொள்ளளவு. முதல் இரண்டும் குறைந்தால் எல்லாச் சுமையும் தரையின் தலையில் விழும்.

வரிசைகளுக்கு ஓர் எளிய விதி இருக்கிறது. ஜான் லிட்டில் 1961இல் நிறுவியது. மணிக்கு ஏற்றும் எண்ணிக்கையைக் காத்திருக்கும் நேரத்தால் பெருக்கினால் வரிசையில் நிற்பவர்களின் எண்ணிக்கை கிடைக்கும். மணிக்கு 1,600 பேரை ஏற்றும் சவாரி ஒன்றை உதாரணத்துக்கு வைத்துக்கொள்வோம். அதன் பலகை 90 நிமிடம் என்று காட்டினால் வரிசையில் 2,400 பேர் இருக்கிறார்கள். வளைத்து வளைத்துக் கட்டிய தடுப்புகளுக்குள் ஒருவருக்கு முக்கால் சதுர மீட்டருக்கும் குறைவாகக் கொடுத்து அவர்களை அடக்கிவிடலாம். இப்போது அதே சவாரிக்கு மெய்நிகர் வரிசை வைத்து, ‘உங்கள் முறை வரும்போது செயலி சொல்லும், உலாவிக்கொண்டிருங்கள்’ என்றால் என்ன ஆகும்? 2,400 பேரும் நடைபாதைக்கு வந்துவிடுவார்கள். இடிபடாமல் உலாவ ஒருவருக்கு இரண்டரை சதுர மீட்டர் என்று வைத்தாலும் ஒன்றரை ஏக்கர் தரை வேண்டும். காத்திருப்பு எங்கும் போய்விடவில்லை. இடம் மாறியிருக்கிறது, அவ்வளவுதான். வரிசையை ஒழித்துவிட்டோம் என்று விளம்பரம் செய்பவர்கள் இந்த ஒன்றரை ஏக்கரைப் பற்றி வாய் திறப்பதில்லை.

கேலக்ஸீஸ் எட்ஜ் திட்டமிடப்பட்டது இரண்டு பெரிய சவாரிகளோடு. திறந்தது ஒன்றோடு. ஆறு பேர் அமரும் விமானி அறைகளைக் கொண்ட ‘மில்லேனியம் ஃபால்கன்’ சவாரி முதல் நாளே ஓடியது. மற்றதான ‘ரைஸ் ஆஃப் தி ரெசிஸ்டன்ஸ்’ கலிஃபோர்னியாவில் 2020 ஜனவரி 17 வரை தயாராகவில்லை. ஆக, முதல் ஏழரை மாதம் 14 ஏக்கர் நிலத்தில் ஆட்களை விழுங்க ஒரே ஒரு சவாரி. அந்தப் பகுதியின் மதுக்கூடத்தில் ஒருவருக்கு 45 நிமிடம், இரண்டு கோப்பை என்று வரம்பு வைத்ததுகூட இதே கணக்கில்தான். இருக்கை காலியாக வேண்டும். இல்லாவிட்டால் வாசலில் இன்னொரு வரிசை முளைக்கும்.

பூப்பாத்தியை வெட்டுதல்

இந்த விரிவாக்கத்தில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி யாரும் படம் எடுத்துப் போடாத பகுதி. ‘புராஜெக்ட் ஸ்டார்டஸ்ட்’ என்ற பெயரில், புதிய நிலத்துக்கு வெளியே, பழைய பூங்கா முழுவதும் நடந்த சில்லறை வேலைகள் அவை. பாதைக்குள் துருத்திக்கொண்டிருந்த பூப்பாத்திகள் குறுக்கப்பட்டன. சில இடங்களில் முற்றாக அகற்றப்பட்டன. நடைபாதையின் விளிம்புக் கற்கள் சரிவாக்கப்பட்டன. குழந்தைத் தள்ளுவண்டிகளை நிறுத்தும் இடங்கள் நெரிசலான முனைகளிலிருந்து ஒதுக்குப்புறத்துக்கு நகர்ந்தன.

ஒரு பாத்தியை ஒரு மீட்டர் பின்னுக்குத் தள்ளினால் என்ன கிடைக்கும்? பிரிட்டனில் விளையாட்டு அரங்குகளுக்கான பாதுகாப்பு வழிகாட்டி, சமதளப் பாதையில் ஒரு மீட்டர் அகலத்துக்கு நிமிடத்துக்கு 82 பேர் என்று உச்ச வரம்பு வைக்கிறது. மணிக்குக் கிட்டத்தட்ட 4,900 பேர். பூங்காவில் அந்த வேகம் வராது. அரங்கிலிருந்து வெளியேறுபவர்கள் ஒரே திசையில் போகிறார்கள். பூங்காவில் எதிரும் புதிருமாக நடக்கிறார்கள், நின்று படம் எடுக்கிறார்கள், குழந்தையின் செருப்பைத் தேடுகிறார்கள். பாதிக்கும் கீழே போட்டு மணிக்கு 2,000 பேர் என்று வைத்தாலும், ஒரு சவாரியின் மணித்திறனைவிட அதிகமான ஆட்களை அந்த ஒரு மீட்டர் கடத்திவிடுகிறது.

விளிம்புக் கல் விஷயம் இன்னும் நுணுக்கமானது. அண்ணாந்து கோபுரத்தைப் பார்த்துக்கொண்டே நடப்பவர், பத்து பதினைந்து சென்டிமீட்டர் உயரக் கல்லை எட்டியதும் தயங்குகிறார். தள்ளுவண்டி வைத்திருப்பவர் நின்று, முன்சக்கரத்தைத் தூக்கி, ஏற்றிய பிறகே நகர்கிறார். அந்த இரண்டு மூன்று வினாடியில் பின்னால் வரும் நான்கு பேர் நிற்கிறார்கள், அவர்களுக்குப் பின்னால் எட்டுப் பேர். நெரிசலான நேரத்தில் அகலமான வீதியின் இரண்டு ஓரமும் இந்தக் கல்லால்தான் பயனற்றுப்போகின்றன. எல்லாரும் நடுவில் குவிகிறார்கள். கல்லைச் சரித்தால் ஓரமும் பாதையாகிவிடுகிறது. ஒரு சதுர அடிகூடப் புதிதாக வாங்காமல் கிடைக்கும் அகலம் இது.

2019 மே 1 முதல் தள்ளுவண்டிகளுக்கும் அளவு வந்தது: 31 அங்குல அகலம், 52 அங்குல நீளம், அதற்கு மேல் அனுமதி இல்லை. இழுத்துச் செல்லும் வண்டிகளுக்கு முழுத் தடை. புகைபிடிக்கும் இடங்களும் அன்றே பூங்காவுக்குள்ளிருந்து நீக்கப்பட்டன. அவை பிடித்திருந்த மூலைகளும் நடப்பவர்களுக்குக் கிடைத்தன.

இதில் ஓர் இழப்பும் இருக்கிறது. பாத்தியின் சுவர் என்பது முதியவர் உட்காரும் திண்ணையும்கூட. அதை வெட்டும்போது இருக்கை குறைகிறது, நிழல் குறைகிறது; கால் வலித்தவர் உட்கார இடமின்றி நடந்துகொண்டே இருக்க, அவரும் பாதையின் சுமையில் சேர்கிறார். அகலத்தை மட்டும் அளக்கும் திட்டங்களில் இந்தக் கழித்தல் வருவதில்லை.

முன்பதிவு, விலை, பாஸ்

மே 31 முதல் ஜூன் 23 வரை புதிய பகுதிக்குள் நுழையத் தனி முன்பதிவு வேண்டும் என்று அறிவித்தார்கள். கட்டணம் இல்லை, ஆனால் பூங்காவின் டிக்கெட் தனியாக வேண்டும். மே 2 காலை இணையத்தில் பதிவு தொடங்கியது. இரண்டு மணி நேரம் போல ஆனதும் தீர்ந்துவிட்டது. டிஸ்னியின் சொந்த விடுதிகளில் தங்குபவர்களுக்கு இடம் உறுதி. வந்தவர்களுக்குக் கைப்பட்டை கட்டி, நான்கு மணி நேரம் உள்ளே இருக்க விட்டார்கள். ஒரு பட்டையின் நேரம் முடிந்ததும் பணியாளர்கள் வந்து நினைவூட்டினார்கள்.

உள்ளே இது அருமையாக வேலை செய்தது. ஒரே சவாரி இருந்தும் நிலம் திணறவில்லை. முதல் நாளே ஆட்கள் வேலியேறுவார்கள் என்று எதிர்பார்த்திருந்த தொலைக்காட்சிகளுக்குச் சுமாரான ஏமாற்றம்.

இதே ஆண்டு ஜனவரியில் டிக்கெட் விலை ஏறியிருந்தது. மிக மலிவான ஒருநாள் டிக்கெட் 97 டாலரிலிருந்து 104க்கும், நெரிசல் நாள் டிக்கெட் 135இலிருந்து 149க்கும் போனது. நூறு டாலருக்குக் கீழே ஒருநாள் டிக்கெட்டே இல்லை என்ற நிலை அப்போதுதான் முதன்முறையாக வந்தது. அதோடு, விலை குறைந்த ஆண்டுப் பாஸ்கள் கோடையின் பெரும்பகுதியில் செல்லாது என்றும் ஆக்கப்பட்டிருந்தன. சுற்றுவட்டார விடுதிகளும் திறப்பை எதிர்பார்த்து வாடகையை ஏற்றியிருந்தன.

இப்போது தெற்குக் கலிஃபோர்னியாவில் வசிக்கும் ஒரு பாஸ்காரரின் இடத்தில் நின்று பாருங்கள். முன்பதிவு கிடைக்கவில்லை. ஜூன் 23 வரை போனால் புதிய பகுதியைப் பார்க்க முடியாது. அதற்குப் பிறகு பாஸ் செல்லாது. தனி டிக்கெட் எடுத்தால் கை கடிக்கும். கூட்டம் பயங்கரமாக இருக்கும் என்று செய்திகள் வேறு சொல்கின்றன. அவர் வீட்டில் இருந்தார். அவரைப் பார்த்து வெளியூர்க்காரரும் பயணத்தை ஒத்திப்போட்டார். ஜூன் 24இல் முன்பதிவு விதி நீங்கியபோது, வரப்போவதாக எண்ணிய வெள்ளம் வரவில்லை.

எண்கள் சொன்னது

ஆகஸ்ட் 6 அன்று காலாண்டு முடிவுகளைப் பேசிய அப்போதைய தலைமைச் செயல் அதிகாரி பாப் ஐகர், கூட்டத்துக்குப் பயந்து பலர் வருகையைத் தள்ளிப்போட்டதையும், விடுதி வாடகை ஏறியதையும், பாஸ் கட்டுப்பாடுகளையும் காரணங்களாகச் சொன்னார். ஜூனில் முடிந்த அந்தக் காலாண்டில் அமெரிக்கப் பூங்காக்களின் வருகை 3 சதவீதம் குறைந்திருந்தது. இந்த எண்ணை அனஹைமின் தலையில் மட்டும் கட்டக் கூடாது. புளோரிடா பூங்காக்களும் அதில் அடக்கம், அங்கே புதிய பகுதி ஆகஸ்ட் 29 அன்றுதான் திறந்தது.

அதே காலாண்டில் இன்னோர் எண்ணும் வந்தது: ஒவ்வொரு வருகையாளரும் செலவழித்தது 10 சதவீதம் உயர்வு. குறைந்த ஆட்கள், கூடுதல் வருமானம். தோல்வி என்ற சொல்லை நான் தவிர்ப்பதற்கு இதுதான் காரணம். டிஸ்னிலாந்தின் 2019 வருகை, துறையின் ஆண்டு மதிப்பீடுகளின்படி 1.87 கோடிக்குச் சற்றுக் கீழே. முந்தைய ஆண்டின் மதிப்பீடும் அதே எண்தான். 14 ஏக்கர் சேர்த்து, ஒருவர்கூடக் கூடவில்லை. பாதையில் நடப்பவருக்கு அது பொற்காலம். கொள்ளளவைக் கூட்டுவதற்காகப் பணம் போட்டவருக்கு அது பதில் சொல்ல வேண்டிய எண்.

நான்கு கருவிகளில் ஒன்றுக்கு மட்டும் பின்னோக்கித் திருப்பும் திருகு கிடையாது என்பதுதான் நான் இங்கே கவனிப்பது. விலையைத் தள்ளுபடியால் இறக்கலாம். பாஸ் தடையை ஒரு மின்னஞ்சலில் நீக்கலாம். முன்பதிவுக்குத் தேதி குறித்து முடிவு கட்டலாம், கட்டினார்கள். ‘கூட்டம் வரப்போகிறது’ என்ற எச்சரிக்கையை அப்படித் திரும்பப் பெற முடியாது. ‘கூட்டம் இல்லை, வாருங்கள்’ என்று ஜூலையில் சொன்னால் விற்காத சரக்கைக் கூவி விற்பதுபோல் ஆகிவிடும். அதனால் எச்சரிக்கையைக் கடைசியில் எடுக்க வேண்டும், குறைந்த அளவில் எடுக்க வேண்டும். இங்கே அது முதலிலேயே, முழு அளவில் செலவாகிவிட்டது. அதில் பெரும்பங்கு ஊடகங்களும் ரசிகர்களும் செய்தது என்றாலும், முன்பதிவு அறிவிப்பே அந்தப் பயத்துக்கு முத்திரை குத்தியது.

இரண்டாம் சவாரி, வேறொரு வரிசை

2020 ஜனவரி 17 அன்று ‘ரைஸ் ஆஃப் தி ரெசிஸ்டன்ஸ்’ திறந்தபோது நிலைமை நேர்மாறு. பல அறைகளும் பல வகை இயந்திரங்களும் சங்கிலியாகக் கோத்த சவாரி அது. ஓர் இணைப்பு நின்றால் எல்லாம் நிற்கும். ஆரம்ப மாதங்களில் அடிக்கடி நின்றது. அப்படிப்பட்ட சவாரிக்கு மெய்நிகர் வரிசை பொருத்தமான தேர்வு என்றே சொல்வேன். ஏனென்றால், சவாரி நின்றால் ஆயிரக்கணக்கானோர் தடுப்புகளுக்கு நடுவே மாட்டிக்கொள்வதில்லை. 2019 ஜூன் 13 அன்று புளோரிடாவில் யுனிவர்சல் நிறுவனத்தின் ஹாக்ரிட் சவாரி திறந்தபோது காத்திருப்பு 10 மணி நேரம் வரை போனதை நினைத்தால் இதன் அருமை தெரியும்.

ஆனால் செயலியில் இடம் பிடிக்கப் பூங்கா திறக்கும் நேரத்தில் வாசலைத் தாண்டி உள்ளே இருக்க வேண்டும் என்பது விதி. அன்றைய இடங்கள் முழுவதும் சில நிமிடங்களில் தீர்ந்துவிடும். விளைவு, நாள் முழுவதும் பரவி வரவேண்டிய கூட்டம் விடியலுக்கு முன்பே பார்க்கிங்கிலும் பாதுகாப்புச் சோதனையிலும் குவிந்தது. உள்ளே ஒரு வரிசையை எடுத்தார்கள்; அது வெளியே போய் நின்றது. மேலும், அதிகாலையில் வந்தவர் அன்று மாலை வரை முறைக்காகக் காத்துப் பூங்காவிலேயே இருக்கிறார். மாலை மூன்று மணி நேரத்துக்கு வரும் உள்ளூர்க்காரர் பன்னிரண்டு மணி நேர வருகையாளராக மாறினால், வாசலில் எண்ணும் தலைகள் கூடாமலேயே உள்ளே இருக்கும் தலைகள் கூடிவிடும். மெய்நிகர் வரிசையை அமைக்கும்போது இந்தத் தங்கும் நேரத்தைக் கணக்கில் சேர்க்காதவர்கள்தான் அதிகம்.

வாகன நிறுத்தத்தையும் இங்கேயே சொல்லிவிடலாம். சுமார் 6,500 கார்கள் நிற்கும் புதிய அடுக்குக் கட்டடம் 2019 கோடையிலேயே வந்தது, ஆனால் புதிய பகுதி திறந்ததற்குப் பிறகு. எதிர்பார்த்த கூட்டம் அன்று வந்திருந்தால் முதலில் திணறியிருப்பது பூங்கா அல்ல, சாலை.

மற்றவர்கள்

டோக்கியோ டிஸ்னிசீ 2024 ஜூன் 6 அன்று ‘ஃபேன்டஸி ஸ்பிரிங்ஸ்’ பகுதியைத் திறந்தபோது, சவாரிக்கான நேரச் சீட்டோ கட்டண முன்னுரிமைச் சீட்டோ இல்லாமல் அந்தப் பகுதிக்குள்ளேயே நுழைய முடியாது என்று வைத்தது. அனஹைமில் மூன்றரை வாரம் நீடித்தது அங்கே ஏறக்குறைய பத்து மாதம் நீடித்தது. ஆனால் சவாரிகள் அனைத்தும் முதல் நாளே தயாராக இருந்தன. கட்டுப்பாடு நீளமானது, நிலமோ முழுமையானது.

ஹாங்காங் டிஸ்னிலாந்து இதற்கு எதிர் உதாரணம். 2005 செப்டம்பரில் திறந்த அந்தச் சிறிய பூங்கா, தேதி குறிக்காத டிக்கெட்டுகளை விற்றிருந்தது. 2006 சீனப் புத்தாண்டு விடுமுறையில் டிக்கெட் வைத்திருந்தவர்கள் ஒரே நேரத்தில் திரண்டு வர, வாசலை மூட வேண்டியதாயிற்று; சிலர் குழந்தைகளை வேலிக்கு மேலே தூக்கி உள்ளே அனுப்பினார்கள். தேதியற்ற டிக்கெட் என்பது எப்போது வசூலிக்க வருவார்கள் என்று தெரியாத கடன். அனஹைமின் ஆண்டுப் பாஸும் அந்த வகைதான். 2019இல் அதை இறுக்கிப் பிடித்ததன் பின்னால் இருந்த அச்சம் காரணமற்றது அல்ல.

பிறகு

பெருந்தொற்றால் 2020 மார்ச் 14 அன்று மூடிய பூங்கா, 2021 ஏப்ரல் 30 அன்று மீண்டும் திறந்தபோது நுழைவதற்கே முன்பதிவு கட்டாயமானது. பழைய ஆண்டுப் பாஸ் முறை அதற்குள் கலைக்கப்பட்டிருந்தது. ஆகஸ்டில் வந்த ‘மேஜிக் கீ’ பாஸில், எந்த நாள் போவதானாலும் முதலில் இடம் பதிய வேண்டியிருந்தது. 2019 கோடையில் ஒரு பகுதிக்கு மட்டும், சில வாரம் மட்டும் பரீட்சித்த கருவி, பூங்கா முழுமைக்கும் பரவியது.

அதன் விலையும் தெரிந்தது. பாஸ் செல்லாத தடை நாளே இல்லை என்று சொல்லி விற்ற உயர்விலைப் பாஸை வாங்கியவர்கள், வேண்டிய நாளில் முன்பதிவு கிடைக்கவில்லை என்று வழக்குப் போட்டார்கள். டிஸ்னி 2023இல் 95 லட்சம் டாலருக்குச் சமரசம் செய்துகொண்டது. டிக்கெட் ஒரு வாக்குறுதி, முன்பதிவு இன்னொரு வாக்குறுதி; இரண்டையும் வேறு வேறு துறைகள் எழுதும்போது இப்படி நேர்கிறது.

2024 மே மாதம் அனஹைம் நகர மன்றம் அடுத்த விரிவாக்கத்துக்கான ‘டிஸ்னிலாந்து ஃபார்வர்ட்’ திட்டத்துக்கு இறுதி ஒப்புதல் கொடுத்தது. பத்தாண்டுகளுக்குள் குறைந்தது 190 கோடி டாலர் முதலீடு செய்ய வேண்டும் என்பது நிபந்தனை. திட்டத்தில் கிழக்குப் பக்கம் பார்க்கிங்கும், சாலைகளுக்கு மேலே நடைபாலங்களும் இருக்கின்றன. அவை சவாரிகளுக்கு முன்பு வருமா, பின்பு வருமா என்பதைத்தான் முதலில் கேட்க வேண்டும். எத்தனை ஏக்கர் என்பதை அப்புறம் கேட்டுக்கொள்ளலாம்.